ஆண்டியின் காலில் இருந்த கிருமி

போன வாரம் எங்கள் பழைய ஆய்வுக்கூடத்திலிருந்து நித்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெறுகிற சமயத்தில் வேலைக்குச் சேர்ந்த பிள்ளை அவள்.

"மேடம், பெரிய ஃபிரீசரைக் காலி பண்றோம். ஒரு குப்பியில 'ஆண்டி'ன்னு மட்டும் எழுதியிருக்கு. உங்க கையெழுத்துதான். இப்பல்லாம் இந்த மாதிரி கிருமி நிறைய புதுசா வாங்கியாச்சு. இதைத் தூக்கிப் போட்டுடட்டுமா?"

"அடிப்பாவி! அதுல கைய வெச்சே, பஸ் ஏறி வந்து உதைப்பேன்."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் குரலை இறக்கி, "யாரு மேடம் ஆண்டி?" என்றாள். போனில் சொல்லி முடிகிற கதையா அது? எழுதி அனுப்புகிறேன், அதுவரை ஃபிரீசரைத் திறக்காதே என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நான் தியாகதுருகத்துக்காரி. குத்தகை நிலத்தில் கரும்பும் மல்லாட்டைக் கடலையும் போட்ட குடும்பம். லேப் டெக்னீசியன் படிப்பை முடித்துவிட்டு, ஏதாவது ஆஸ்பத்திரியில் சளியும் ரத்தமும் பார்க்கிற வேலை வரும் என்று காத்திருந்தேன். வந்தது பூச்சி ஆராய்ச்சிக் கூடத்து வேலை. யாராவது கேட்டால் என் அம்மா, "பூச்சி புடிக்கிற உத்தியோகம்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. குழாய் கழுவினேன், உடைத்தேன், மறுபடியும் கழுவினேன்.

எங்கள் தலைமை ஆய்வாளர் சபாபதி சாருக்குத் திட்டவே தெரியாது. கழுவிய குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். கறை மாதிரி ஏதாவது தெரிந்தால், "இன்னொரு தடவை பாத்துடுங்களேன், செல்வி" என்பார். அவ்வளவுதான். கத்தித் தொலைத்தாலாவது பரவாயில்லை என்று இருக்கும். எல்லாரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார், கூட்டுப்புழுவைக்கூட. "அவங்க தூங்கறாங்க, பெட்டியை ஆட்டாதீங்க" என்பார். ஆனால் ஒரே ஒரு வார்த்தையைச் சொன்னால் மட்டும் முகம் இறுகிவிடும். 'மருந்து' என்கிற வார்த்தை. பூச்சியிலிருந்து நாங்கள் எடுப்பதைத் 'திரவம்' என்றுதான் சொல்ல வேண்டும்.

அது என்ன திரவம் என்று சொல்லிவிடுகிறேன். நமக்கு ஒரு நோய் வந்து போனால், அந்தக் கிருமியை நம் உடம்பு ஞாபகம் வைத்துக்கொள்ளும். தடுப்பூசி வேலை செய்வது அதனால்தான். பூச்சிக்கு அந்த வசதி இல்லை. ஆனாலும் சாணியிலும் அழுகலிலும் புரண்டு எப்படியோ பிழைத்துக்கிடக்கிறது. கிருமி உள்ளே நுழைந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம், அதன் வயிற்றைச் சுற்றியிருக்கிற கொழுப்புத் திசு சின்னச் சின்னப் புரதங்களைச் செய்து ரத்தத்தில் விடுகிறது. அவை கிருமியின் மேல்தோலைப் பொத்தல் போட்டுக் கொன்றுவிடுகின்றன. வெளிநாட்டில் யாரோ இதைக் கண்டுபிடித்து ரொம்ப நாள் ஆகாத காலம் அது. நம் ஊர்ப் பூச்சிகளில் என்ன இருக்கிறது பார்க்கலாம் என்று சபாபதி சார் இறங்கினார்.

அதற்காகத்தான் கல்வராயன் மலை. அங்கே கடுக்காய் மரத்திலும் மருத மரத்திலும் காட்டுப் பட்டுப்பூச்சி கூடு கட்டும். கோழிமுட்டை அளவில், கெட்டியாக, காம்பு வைத்துக் கிளையில் தொங்கும். வெள்ளிமலையில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, சீசனுக்குச் சீசன் போய்த் தங்குவோம். சார், நான், ஜீப் ஓட்டுகிற காதர் பாய். கூடு பொறுக்கிக்கொண்டு வந்து தருகிறவள் சடைச்சி, மலைக்காரி. என்னைவிடச் சில வயதுதான் மூத்தவள். அவள் வீட்டுக்காரர்தான் ஆண்டி. சாமையும் தினையும் விதைப்பார், புளி உலுக்கப் போவார், வாயைத் திறந்து பேச மாட்டார். அவருக்கும் சேர்த்து இவள் பேசுவாள்.

கூட்டைப் பிளேடால் மெல்லக் கீறி, உள்ளே இருக்கிற கூட்டுப்புழுவை எடுக்க வேண்டும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு உடம்பைத் துடைக்க வேண்டும். கொன்ற கிருமியை உப்புத் தண்ணீரில் கலந்து, மயிரிழை ஊசியால் வயிற்று மடிப்புக்கு நடுவே ஒரு துளி ஏற்ற வேண்டும். ஊசி கொஞ்சம் ஆழமாகப் போனால் குடல் கிழிந்து எல்லாம் பாழ். பிறகு மரத்தூள் போட்ட தட்டில் படுக்கவைத்து, புரதம் ஊறட்டும் என்று காத்திருக்க வேண்டும். அதற்கப்புறம் குத்தி, சொட்டுச் சொட்டாக ரத்தத்தை ஐஸில் வைத்த குழாயில் இறக்க வேண்டும். பூச்சி ரத்தம் சிவப்பு இல்லை, வெளிர் மஞ்சள். காற்றுப் பட்டால் கறுத்துவிடும். அதனால் கொதிக்கிற தண்ணீரில் குழாயைக் கொஞ்ச நேரம் நிறுத்துவோம். மற்றதெல்லாம் திரிந்து அடியில் தங்கும், நமக்கு வேண்டிய புரதம் மட்டும் சூட்டுக்கு அசையாமல் மேலே தெளிந்து நிற்கும்.

நான் பூச்சிக்கு ஊசி போடுவதைச் சடைச்சி வாசற்படியில் குந்திக்கொண்டு பார்ப்பாள். "இன்னாமா இது, மனுசனுக்கே ஊசி போட ஆள் கெடைக்கல, நீ பூச்சிக்குப் போட்டுக்கினு கீற!" என்று அவள் சொன்னதில் மலை முழுக்க எனக்கு ஊசியம்மா என்று பெயர் வந்துவிட்டது. ஒருநாள் சார் அவளைக் கூப்பிட்டு ஒரு தட்டைக் காட்டினார். கிருமி வளர்வதற்காக அகார் கூழ் ஊற்றிய கண்ணாடித் தட்டு. அதில் கிருமி வெள்ளையாகப் படர்ந்திருந்தது. திரவம் விட்ட இடத்தைச் சுற்றி மட்டும் வட்டமாகத் தெளிந்திருந்தது.

"இந்த வளையத்துக்குள்ள கிருமி செத்துப்போச்சும்மா. நீங்க கொண்டுவந்த பூச்சியோட வேலை இது."

சடைச்சி தட்டை இரண்டு கையாலும் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். "எங்கூரு பூச்சியா!" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்த காலம். கீழே ஊருக்கு ஊர் மரத்தை வெட்டி ரோட்டில் சாய்த்துவிட்டார்கள். நாங்கள் மலையில் மாட்டிக்கொண்டோம். பஸ் இல்லை, பேப்பர் இல்லை, இருந்த ஐஸும் கரைந்துகொண்டிருந்தது. சுகாதார நிலையத்து டாக்டர் கீழே போனவர் திரும்ப முடியவில்லை, நர்ஸம்மா மட்டும் இருந்தார். ஜீப்பில் டீசல் எவ்வளவு இருக்கிறது என்று காதர் பாய் குச்சி விட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார். எனக்கு வீட்டு நினைப்பு. எங்கள் சித்தப்பா மகன் ஏழுமலை கட்டாயம் மறியலில் இருப்பான் என்று தெரியும். பத்தாவது நல்லபடியாகப் பாஸ் பண்ணிவிட்டு, மேலே போக வழியில்லாமல் செங்கல் சூளைக்குப் போய்க்கொண்டிருந்தவன். அவன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை.

அப்படி ஒரு சாயங்காலம்தான் ஆண்டியைத் தோளில் சாய்த்து எங்கள் அறைக்கு நடத்திக்கொண்டு வந்தாள் சடைச்சி. சில நாள் முன்னால் விறகு வெட்டும்போது கெண்டைக்காலில் கத்தி பட்டிருக்கிறது. பச்சிலை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நாங்கள் கூப்பிட்டு வந்து கட்டைப் பிரித்த நர்ஸம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். முழங்கால் வரை வீங்கி, தோல் மினுமினுவென்று சிவந்து, சீழ் வடிந்தது. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. சீழைத் துடைத்து, இருந்த மாத்திரையைக் கொடுத்துவிட்டு, "இதைக் கீறிவிடணும் சார், ஊசி மருந்து ஏத்தணும். கள்ளக்குறிச்சிக்குத்தான் போவணும்" என்றார் நர்ஸம்மா. இருட்டப் போகிற நேரத்தில் மலை இறங்க முடியாது, ரோட்டில் எங்கே மரம் கிடக்கிறதென்று தெரியாது, விடிந்ததும் கிளம்பலாம் என்று காதர் பாய் சொன்னார்.

சடைச்சி நேராகச் சார் முன்னால் வந்து நின்றாள்.

"சார், அந்தத் தண்ணிய ஊத்து."

"எந்தத் தண்ணிம்மா?"

"கிருமியச் சாவடிக்கிறது. நீதான காட்டின? ஒரு சொட்டு ஊத்து சார், காலைல வரிக்கும் தாங்கட்டும்."

சார் தலையை அசைத்தார். "அது மருந்து இல்லம்மா."

"மருந்து இல்லாமயா வட்டமா செத்துச்சு? நான் பொறுக்கினு வந்த பூச்சி தான சார்? என் பூச்சிய என் வூட்டுக்காரருக்கு ஊத்தக் கூடாதா?"

அவள் கேட்டதில் என்ன தப்பு? மரமேறிக் கூடு பறித்தவள் அவள். குழாயில் திரவம் இருக்கிறது. கட்டிலில் ஆண்டி முனகிக்கொண்டிருக்கிறார். நான் சாரை வெளியே கூப்பிட்டு, "ஒரு சொட்டு ஊத்தினா என்ன சார் குடி முழுகிப்போயிடும்? நம்மகிட்ட இருக்கிறதே இதுதானே!" என்று கத்தியேவிட்டேன். அவர்மீது எனக்கு வந்த ஒரே கோபம் அதுதான். ஆனால் பயங்கரமான கோபம்.

அவர் அப்போதும் குரலை உயர்த்தவில்லை. "தட்டுல ரத்தம் இல்ல செல்வி, நரம்பு இல்ல. பூச்சியோட புரதம் மனுஷன் உடம்புல என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாது. தெரியாததை அவர் கால்ல ஊத்தச் சொல்றீங்க." உள்ளே கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஆனா அவங்க கேட்டதுக்குப் பதில் சொல்லணும். தட்டு எடுங்க" என்றார்.

ஆண்டியின் காலிலிருந்து பஞ்சில் சீழைத் தொட்டெடுத்துத் தட்டில் தேய்த்தோம். ஒரு பக்கம் எங்கள் திரவம். இன்னொரு பக்கம், ஒப்பிட்டுப் பார்க்க நாங்கள் எப்போதும் வைத்திருக்கிற ஆஸ்பத்திரி மருந்துகளில் தனித்தனியாக ஊறவைத்த காகித வில்லைகள். கரண்ட் இல்லாததால் தட்டைத் தகர டப்பாவில், வெந்நீர்ப் பையோடு வைத்துக் கம்பளியில் சுற்றினோம். சடைச்சி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் சார் டப்பாவை அவளுக்கு முன்னால்தான் திறந்தார். திரவம் விட்ட இடத்தில் வளையமே இல்லை. கிருமி அந்தச் சொட்டின்மேலேயே ஏறி வெள்ளையாக மூடியிருந்தது. அத்தனை நாள் நாங்கள் தட்டில் கொன்றது வேறு ஜாதிக் கிருமி. ஆண்டியின் காலில் இருந்தது எங்கள் பட்டுப்பூச்சிக்கு மசியாத ஜாதி. அந்தப் பக்கம், ஒரு மருந்து வில்லையைச் சுற்றி மட்டும் வளையம் பளிச்சென்று இருந்தது.

"உங்க பூச்சி இந்தக் கிருமியைக் கொல்லலம்மா. இந்த மருந்து கொல்லுது. இது கள்ளக்குறிச்சியில இருக்கு" என்றார் சார்.

சடைச்சி தட்டையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், "நீ நேத்து ஊத்தியிருந்தா, சரியாப் பூடும்னு நாங்க வூட்டுக்குப் போயிருப்போம் சார். கீழ எறங்கியிருக்க மாட்டோம்."

அன்று காலைதான் பூச்சிகளிடம் ரத்தம் எடுக்க வேண்டிய நேரம். அந்த சீசனின் கடைசிக் கூடுகள். தவறினால் அடுத்த சீசன்தான். நான் பூச்சித் தட்டுகளைப் பார்ப்பதைச் சார் கவனித்தார். "அவங்க இருக்கட்டும். வாங்க" என்று சொல்லிவிட்டு, ஆண்டியின் தலைப்பக்கம் கயிற்றுக் கட்டிலைத் தூக்கினார்.

மலைப்பாதையில் குறுக்கே கிடந்த கிளைகளைக் காதர் பாயே வெட்டித் தள்ளினார். கச்சிராயபாளையம் தாண்டியதும் முடியவில்லை. முழுப் புளியமரம் ஒன்று ரோட்டை அடைத்துக் கிடந்தது. அதன்மேல் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். அரசாங்க ஜீப்பைப் பார்த்ததும் எழுந்து, "திருப்பு வண்டிய!" என்று ஓடிவந்தார்கள். ஒருவன் கையில் கல். சார் இறங்கி இரண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டு நடந்தார்.

"ஐயா, மரத்தை எடுக்கச் சொல்லலைங்க. மரம் கிடக்கட்டும். கட்டிலைத் தூக்க ஆள் வேணும்."

கல் வைத்திருந்தவன் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தான். ஆண்டியின் காலைப் பார்த்தான். கல்லைக் கீழே போட்டுவிட்டு, "டேய், வாங்கடா!" என்றான். கட்டில் மரத்தைத் தாண்டியது. அந்தப் பக்கமிருந்து அவர்களே தூக்கிக்கொண்டு அடுத்த அடைப்பு வரை வந்தார்கள். அங்கே இருந்தவர்கள் வாங்கிக்கொண்டார்கள். அடைப்புக்கு அடைப்பு ஆள் மாறியது, கட்டில் கீழே இறங்கவே இல்லை. "ஆஸ்பத்திரி கேஸு! வழி வுடு, வழி வுடு!" என்று முன்னால் ஒருவன் கத்திக்கொண்டே ஓடினான். சடைச்சி பக்கத்திலேயே ஓடினாள்.

கள்ளக்குறிச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் அடைப்பில் ஏழுமலை நின்றிருந்தான். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது.

"இன்னாக்கா, நீ எங்க இங்க? இது யாரு?"

"மலைக்காரர்டா. எங்களுக்குப் பூச்சி புடிச்சுத் தர்றவங்க."

கட்டில் காலுக்குத் தோள் கொடுத்தான். நடந்துகொண்டே, "நாங்க ரோட்ட மறிச்சது எங்க புள்ளைங்களும் உன்ன மாதிரி படிச்சு வேலைக்குப் போவணும்னுதான்க்கா. ஆள சாவடிக்க இல்ல. போயி சொல்லு" என்றான். நான் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சோர்ந்துபோய் இருந்தார். எந்த மருந்து கேட்கும் என்று சார் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார். "தட்டு வெச்சுப் பாத்தீங்களா? மலையிலயா?" என்றார். அந்த மருந்தையே ஏற்றினார். காலைக் கீறி விட்டார். சில நாளில் காய்ச்சல் இறங்கியது. கால் தப்பியது. கெண்டைச் சதை கொஞ்சம் போனதால் ஆண்டி கடைசிவரை காலைச் சாய்த்துத்தான் நடந்தார்.

திரும்பிப் போனபோது எங்கள் கூட்டுப்புழுக்கள் எல்லாம் கறுத்துக் கிடந்தன. சார் ஒவ்வொன்றாக எடுத்துப் புதைத்தார். கூடத்துக்கு வந்ததும், அந்தத் தட்டிலிருந்து கிருமியைத் தனியாகப் பிரித்து வளர்க்கச் சொன்னார். "என்ன பேர் எழுத சார்?" என்றேன். "ஆண்டின்னே எழுதுங்க. இனிமே எந்தப் பூச்சியில திரவம் எடுத்தாலும் இவர்கிட்ட காட்டிட்டுத்தான் சந்தோஷப்படணும்" என்றார். அன்றிலிருந்து அதை வாட விடாமல் குழாய்க்குக் குழாய் மாற்றி வளர்த்தது நான்தான். ஃபிரீசர் வந்ததெல்லாம் பிறகு. தும்பி, தேனீ, வண்டு என்று என்னென்னவோ காட்டினோம். ஆண்டி எதற்கும் மசியவில்லை. சீசனுக்குச் சீசன் சடைச்சி கூடையை இறக்கி வைத்ததும் முதலில் கேட்பது, "அந்தக் கிருமி செத்துச்சா?" என்பதுதான். "இன்னும் இல்லம்மா" என்பார் சார்.

கடைசியில் செத்தது எதனால் தெரியுமா? தியாகதுருகத்தில் எங்கள் வீட்டு எருக்குழியில் நெளிகிற புழுவால். தென்னையைக் குடைகிற காண்டாமிருக வண்டின் புழு. கோழிக்குப் பொறுக்கிப் போடுவோமே, அதேதான்! வளையம் சின்னதாகத்தான் இருந்தது. சார் ஓய்வுபெறப் போகிற வருடம். தட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். "இன்னொரு தடவை பாத்துடுங்களேன், செல்வி" என்றார். பார்த்தேன். மறுபடியும் வளையம். அவர் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாருக்கு மலையேற முடியாத உடம்பு. நான் போனேன். ஆண்டி வாசலில் உட்கார்ந்து புளியங்கொட்டை தட்டிக்கொண்டிருந்தார். "உங்க கால்ல இருந்த கிருமி செத்துப்போச்சுங்க" என்றேன்.

அவர் திடுக்கிட்டுக் காலைப் பார்த்தார். "அது இம்மாங்காலமும் உசுரோடவா இருந்துச்சு?" அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

உள்ளேயிருந்து சடைச்சி வந்தாள். "அப்ப மருந்தாயிடுச்சா? இனிமே ஊத்தலாமா?"

தட்டில் கொல்வது உடம்பில் கொல்லுமா தெரியாது, நம் ரத்தத்தில் போனால் அந்தப் புரதத்தை நம் உடம்பே நறுக்கிப் போட்டுவிடும், கொஞ்சமாகச் செய்யவே பெரிய செலவு. இதையெல்லாம் எப்படிச் சொல்ல? "இன்னும் இல்லக்கா" என்றேன்.

"இன்னும் இல்லன்னு சொல்லவா இம்மாந்தூரம் மல ஏறி வந்த?"

"ஆமாங்க்கா."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "சரி, உக்காரு. சாமைச் சோறு இருக்குது. ஆவும்போதும் இப்டியே வந்து சொல்லு."

நித்யா, இப்போது பேப்பரைத் திறந்தால் பழைய மருந்துக்கெல்லாம் கிருமிகள் மசிவதில்லை, பூச்சிப் புரதம்தான் அடுத்த மருந்து என்று எழுதுகிறார்கள். நீங்களும் அந்த நம்பிக்கையில்தான் ராப்பகலாக உழைக்கிறீர்கள். நல்லா இருங்க. ஆண்டியும் சாரும் போய்விட்டார்கள். சடைச்சி இருக்கிறாள், காது மட்டும் கொஞ்சம் மந்தம். குப்பியைத் தூக்கிப் போடாதே. நீ எடுக்கிற ஒவ்வொரு திரவத்தையும் அதில் காட்டு. என்றைக்காவது ஒரு திரவம் நிஜமாகவே மருந்தாகிவிட்டால், வெள்ளிமலைக்குப் பஸ் ஏறிப் போ. கிட்டத்தில் போய், சத்தமாகச் சொல்லு.